பாவும் ஊடையும் – 9: காஞ்சிக் கிளியும் சீன அரண்மனைத் தூரிகையும்

வஜ்ரபோதி காஞ்சியை விட்டுக் கப்பலேறியதோடு சென்ற இதழில் நிறுத்தியிருந்தேன். பஞ்சத்தில் காய்ந்த ஊருக்கு மழை வருவித்தவர் என்று சீன வாழ்க்கைக் குறிப்பு கொண்டாடும் அந்தத் துறவி 719-இல் குவாங்சௌ துறைமுகத்தில் இறங்கினார். மறு ஆண்டு, அதாவது 720-இல், அவரை அனுப்பிவைத்த அதே அரசனின் பெயரால் ஒரு தூது சீனப் பேரரசர் சுவான்சுங்கின் அவைக்குப் போய்ச் சேர்ந்தது. தூதன் கொண்டுபோன பொருள்களில் இரண்டை அவைக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறது. ஒன்று சிறுத்தைத் தோல். இன்னொன்று, ஐந்து நிறம் கொண்ட, பேசத் தெரிந்த ஒரு கிளி.

அரசன் பெயரைச் சீன எழுத்தர்கள் காதில் விழுந்த மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள். சிக்கெடுத்துப் பார்த்தால் ஸ்ரீ நரசிம்ம போத்தவர்மன் என்று வரும். காஞ்சியில் கைலாசநாதர் கோயிலை எழுப்பிய ராஜசிம்ம பல்லவன்தான் அவன். கிளி மட்டும் போகவில்லை; கூடவே ஒரு யோசனையும் போயிற்று. அரபியரையும் திபெத்தியரையும் அடக்க என் யானைப் படையையும் குதிரைப் படையையும் தருகிறேன், அந்தப் படைக்கு நீங்களே ஒரு பெயர் சூட்டுங்கள் என்பது அது. சிந்து நாடு அரபியர் கைக்குப் போய் அப்போது எட்டே ஆண்டுதான் ஆகியிருந்தது. காஞ்சியிலிருந்து திபெத் எல்லைக்கு யானையை நடத்திப் போவது எப்படி என்று இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. பேரரசர் மகிழ்ந்து, நற்பண்பைப் போற்றும் படை என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தார். சீன நாட்டின் பொருட்டு அரசன் கட்டிய கோயிலுக்கு ஒரு பெயர்ப்பலகையும் கேட்டிருந்தான், அதுவும் கிடைத்தது. தூதன் புறப்படும்போது, இவ்வளவு தொலைவிலிருந்து வந்தவன் மனம் நிறைந்து போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள் என்று அதிகாரிகளுக்கு ஆணை பிறந்தது. சித்திரப் பட்டு அங்கி, பொன் இடைவார், மீன் வடிவப் பதவிச் சின்னம் வைக்கும் பை என்று மரியாதைகள் அடுக்கப்பட்டன. கிளியைக் கொடுத்துவிட்டுக் காஞ்சித் தூதன் பட்டை உடுத்தித் திரும்பினான்.

பெயர் கொடுப்பதில் செலவு ஏதும் இல்லை. ராஜதந்திரம் என்ற வகையில் 720-ஆம் ஆண்டு விவகாரத்தை இத்தோடு மூடிவிடலாம். எனக்குக் கிளியை விட மனமில்லை.

*

குறிப்பு அந்தக் கிளியை அரண்மனை வாசலோடு விட்டுவிடுகிறது. ஆனால் அதே வாசலுக்குள் போன வேறு கிளிகளின் கதை நமக்குக் கிடைக்கிறது. 631-இல் சம்பா நாட்டிலிருந்து, இன்றைய வியட்நாமின் நடுப்பகுதியிலிருந்து, பேரரசர் தாய்சுங்குக்கு ஐந்நிறக் கிளி வந்தது. வெள்ளைக் கிளியும் வந்தது. வட சீனக் குளிரில் அவை குளிருது குளிருது என்று புலம்பினவாம். பேரரசர் மனமிரங்கித் தூதுவரோடே திருப்பி அனுப்பிவிட்டார். காஞ்சித் தூதை வரவேற்ற சுவான்சுங்கின் அரண்மனையிலேயே பின்னாளில் யாங் குய்ஃபே என்ற அரசியாரிடம் ஒரு வெள்ளைக் கிளி வளர்ந்தது. பனியாடை உடுத்தவள் என்பது அதற்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர். தன்னைப் பருந்து தூக்கிப் போவதாகக் கனவு கண்டதாகக் கிளி சொல்ல, அதற்குப் பௌத்த சூத்திரம் ஓதக் கற்றுக் கொடுத்தார்கள். ஓதியும் பயனில்லை, ஒரு நாள் பருந்து அடித்துப்போட்டது, அரண்மனைத் தோட்டத்தில் புதைத்து மேடு எழுப்பினார்கள் என்று கதை போகிறது. கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் இருநூறு ஆண்டு கழித்து, இன்றைய உள்மங்கோலியாவில் பாவ்ஷான் என்னுமிடத்தில் ஒரு கல்லறைச் சுவரில் அரசி சூத்திரச் சுவடியை விரித்து உட்கார்ந்திருக்க எதிரே வெள்ளைக் கிளி நிற்கும் ஓவியம் இன்றும் இருக்கிறது.

சீன அரசவையின் பூ–பறவை ஓவியம் என்றதும் ஓய்வாக உட்கார்ந்து இயற்கையை ரசித்த மனிதர்களின் கலை என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். என் எண்ணம் வேறு. பாதிக்குப் பாதி அது பேரேட்டு வேலை. எந்த நாட்டிலிருந்து எந்த உயிர் காணிக்கையாக வந்தது, எந்தப் பறவை எந்த நாளில் அரண்மனைக் கூரையில் வந்து உட்கார்ந்தது என்று பதிந்து வைக்கும் கணக்குப்பிள்ளைத்தனம் அதன் அடியில் இருக்கிறது. பறவை செத்துப்போகும், படம் கிடக்கும். காணிக்கை வந்தது என்பதற்குச் சாட்சி படம்தான். அந்தக் கணக்கை எழுதிய கைகள் பறவையை உற்றுப் பார்த்துப் பார்த்து, கணக்கை மீறிய எதையோ கற்றுக்கொண்டன.

பியன் லுவான் என்ற ஓவியர் கதையைப் பாருங்கள். 8-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கொரியாவின் சில்லா அரசு ஆடத் தெரிந்த மயிலொன்றைக் காணிக்கையாக அனுப்பியது. பேரரசர் தசுங் பியன் லுவானைக் கூப்பிட்டு வரையச் சொன்னார். மயிலை ஒரு முறை முன்பக்கமாகவும் ஒரு முறை பின்பக்கமாகவும் அவர் வரைந்தார். அங்கமச்ச அடையாளம் எழுதுவது மாதிரி இல்லையா இது?

இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்தியவர் யான் லிபன். தாய்சுங்கின் அவையில் நல்ல பதவியில் இருந்தவர், ஓவியத்தில் மகா கெட்டிக்காரர். ஒரு நாள் பேரரசர் பரிவாரத்தோடு தோட்டத்துக் குளத்தில் படகில் போகும்போது விநோதமான பறவைகள் மிதப்பதைக் கண்டார். கூட இருந்தவர்களைக் கவி பாடச் சொல்லிவிட்டு, ஓவியன் யான் லிபனைக் கூப்பிடு என்று குரல் கொடுக்கச் சொன்னார். அதிகாரி யான் லிபன் இல்லை, ஓவியன் யான் லிபன். வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து, குளக்கரையில் குனிந்து உட்கார்ந்து சாயம் குழைத்துப் பறவையை வரைந்தார். படகில் சொகுசாக இருந்தவர்களை நிமிர்ந்து பார்க்க வெட்கம். வீட்டுக்குப் போய் மகனிடம், நீ மட்டும் இந்தத் தொழிலைப் படிக்காதே என்று சொன்னாராம்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஓரிக்கை நினைவுக்கு வரும். காஞ்சியிலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், பாலாற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஊர். மகாபெரியவர் மணிமண்டபம் பார்க்க வருகிறவர்களுக்கு இன்று பெயர் தெரியும். அதற்கு முந்தைய பெருமை ஒரு மறுப்பால் வந்தது. திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனைப் பல்லவ அரசன் தன்னைப் பாடச் சொன்னான். முடியாது என்றார். ஊரை விட்டுப் போ என்றான். சீடன் போகிறான் என்று ஆழ்வாரும் கிளம்ப, ஆழ்வார் போகிறார் என்று திருவெஃகாப் பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்னே நடக்க, மூவரும் அன்றிரவு தங்கிய இடம் ஓரிக்கை என்பது தலவரலாறு. அரசன் ஓடிவந்து கெஞ்சிக் கூட்டிப்போனான். அரசன் கூப்பிட்ட குரலுக்குச் சாயக்கிண்ணத்தோடு ஓடியவர் அங்கே, ஊரையே வெறிச்சோட வைத்தவர் இங்கே. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமே தவிர, இவர் உயர்த்தி அவர் தாழ்த்தி என்று நான் சொல்ல வரவில்லை. யான் லிபனும் மறுத்திருந்தால் சீன ஓவிய வரலாறு ஒரு பெரிய பக்கத்தை இழந்திருக்கும்.

*

பத்தாம் நூற்றாண்டில் தாங் பேரரசு உடைந்து நாடு சிதறிக் கிடந்தபோது தென்மேற்கே செங்டுவில் ஷு அரசு தனியே செழித்தது. அந்த அவையில் ஹுவாங் ச்சுவான் என்ற ஓவியர். 944-இல் பக்கத்து நாட்டிலிருந்து உயிருள்ள நாரைகள் பரிசாக வந்தன. அவற்றை அரண்மனைச் சுவரில் ஆறு நிலையில் வரைந்தார் ஹுவாங் ச்சுவான். ஒன்று இரை கொத்தும், ஒன்று இறகு கோதும், ஒன்று திடுக்கிட்டுத் திரும்பும். நிஜ நாரைகள் சுவரோரம் வந்து படத்து நாரைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டன என்கிறார்கள். 953-இல் இன்னொரு மண்டபத்தில் நான்கு பருவத்துப் பூக்களும் காட்டுக்கோழிகளும் வரைந்தபோது, காணிக்கையாக வந்த வல்லூறு ஒன்று கோழிகள்மேல் திரும்பத் திரும்பப் பாய்ந்ததாம். இப்படிப்பட்ட கதைகள் எல்லா நாட்டிலும் உண்டு. எனக்கு அதில் பிடிபட்டது வேறு. இரண்டு கதையிலும் ஓவியத்துக்குச் சான்று சொல்ல வந்த உயிர்ப்பறவை, பரிசாகவோ காணிக்கையாகவோ வந்த பறவை.

ஹுவாங் ச்சுவானின் கையைப் பார்க்க வேண்டுமென்றால் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் ஒரு பட்டுச் சுருள் இருக்கிறது. கைத்துண்டு அகலம்தான். அதில் பறவைகளும் பூச்சிகளும் இரண்டு ஆமைகளுமாக 24 உயிர்கள். மரம் இல்லை, கிளை இல்லை, தரையே இல்லை. குருவிக்கும் வண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒவ்வொன்றும் வெற்றுப் பட்டில் தன்பாட்டுக்கு நிற்கிறது. மயிரிழை மையில் கோடு, அதன்மேல் மெல்ல மெல்ல ஏற்றிய சாயம். வெட்டுக்கிளியின் இறக்கை வழியே உடம்பு தெரிகிறது. ஒரு குருவிக்குஞ்சு வாயைத் திறந்து தாயைப் பார்த்து இறகடித்துக் கெஞ்சுகிறது. ஒரு மூலையில் சிறிய எழுத்தில், மகன் ஜூபாவ் பழகுவதற்குக் கொடுத்தது என்று ஒரு குறிப்பு. ஆக, அரண்மனைக்காகச் செய்த படமே இல்லை இது. தகப்பன் மகனுக்குக் கொடுத்த மாதிரிப் படம். ஓரிக்கையிலும் பழைய நெசவுக் குடும்பங்களில் தாத்தா காலத்துப் புடவைத் துண்டைத் துணிப்பையில் முடிந்து வைத்திருப்பார்கள்; அடுத்த தலைமுறை கரை போடும்போது அதைப் பிரித்துத்தான் பார்க்கும். தொழில் கைமாறும் விதம் எங்கேயும் ஏறத்தாழ இப்படித்தான்.

965-இல் சோங் பேரரசு ஷு நாட்டை விழுங்கியது. ஹுவாங் ச்சுவானைத் தலைநகர் கைஃபெங்குக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஆண்டே இறந்தார். கூடப்போன இன்னொரு மகன் ஹுவாங் ஜூத்சாய் சோங் அவையில் அமர்ந்து, அரண்மனைப் பறவை எப்படி இருக்க வேண்டும் என்று ஏறக்குறைய நூறாண்டுக்கு அளவுகோல் வகுத்துவிட்டார். தெற்கே ஷு ஷி என்ற ஓவியர் குளத்துக் கீரையையும் காட்டு வாத்தையும் மைத் தீற்றலில் அலட்சியமாக வரைந்துகொண்டிருந்தார். ஹுவாங் குடும்பத்துப் பறவை அரண்மனைத் தோட்டத்தில் மேய்ந்தது, ஷு ஷியின் பறவை யாருக்கும் சொந்தமில்லாத நீரில் நீந்தியது. பரீட்சையில் தேறியது முன்னது.

*

இனி சோங் பேரரசர் ஹுய்சுங். 1082-இல் பிறந்து 1100-இல் அரியணை ஏறியவர். பல்லவ நாட்டில் மகேந்திரவர்மன் தனக்குச் சித்திரகாரப்புலி என்று பட்டம் வைத்துக்கொண்டானே, அதற்கு ஐந்து நூற்றாண்டு கழித்துச் சீனத்தில் அமர்ந்த சித்திரகாரப்புலி இவர். தானே வரைவார், தானே எழுதுவார். பொன் கம்பியை இழுத்து வளைத்தது போன்ற ஒல்லி எழுத்து அவர் உண்டாக்கியது. 1104-இல் ஓவியத்துக்கென்று பள்ளி வைத்துப் பரீட்சை நடத்தினார். ஒரு கவி வரியைக் கொடுத்து அதற்குப் படம் போடு என்பதுதான் கேள்வித்தாள்.

ஓவியர்களை அவர் வறுத்தெடுத்த கதைகள் ருசியானவை. புது அரண்மனையின் சுவர்களைப் பெரிய பெரிய கைகளெல்லாம் அலங்கரித்து முடித்திருந்தன. பேரரசர் வந்து சுற்றிப் பார்த்தார். ஒன்றையும் பாராட்டவில்லை. ஒரு தாழ்வாரத்தில் மாதம் தவறாமல் பூக்கும் ரோஜாச் செடிப் படம் ஒன்றின் முன்னால் மட்டும் நின்றார். வரைந்தவன் சின்னப் பையன். அவனுக்குப் பரிசு. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. இந்தச் செடி பருவத்துக்குப் பருவம், வேளைக்கு வேளை மாறும், இவன் வரைந்திருப்பது வசந்தகால நண்பகலில் அது இருக்கும் விதம், மயிரளவும் பிசகவில்லை என்றார். இன்னொரு நாள் லிச்சி மரத்தடியில் மயில். எல்லோரும் வரைந்தார்கள். மேட்டில் ஏறப்போகும் மயில் வலது காலைத் தூக்கியிருந்தது. சரியில்லை என்று ஒற்றை வார்த்தையில் போய்விட்டார். சில நாள் கழித்துக் கூப்பிட்டு, மயில் மேடேறும்போது இடது காலைத்தான் முதலில் எடுக்கும் என்றாராம். உண்மையா என்று விராலிமலைப் பக்கத்து வாசகர்கள் பார்த்துச் சொல்லலாம்.

இந்த மனிதரின் பெயரில்தான் இன்னொரு ஐந்நிறக் கிளி இருக்கிறது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் 1933-இல் வாங்கிய பட்டுச் சுருள். பூத்துக் குலுங்கும் ஆப்ரிகாட் மரக்கிளையில் ஒரு கிளி. பட்டு பழுப்பேறிவிட்டது. பூக்களின் வெள்ளை உதிர்ந்து மங்கியிருக்கிறது. இருந்தும் ஒவ்வொரு பூவும் வேறு வேறு கோணத்தில் திரும்பி நிற்பது தெரிகிறது. கிளையைப் பற்றிய கால்விரல், நெஞ்சின் சிறகடுக்கு, வாலின் நீட்சி எதிலும் தூரிகை தயங்கிய தடம் கிடையாது. பக்கத்தில் பேரரசரின் ஒல்லி எழுத்தில் ஒரு குறிப்பும் கவிதையும். குறிப்பு சொல்வது இதுதான்: இந்தக் கிளி தெற்கு மலைத்தொடருக்கு அப்பாலிருந்து வந்தது, சாதுவானது, அரண்மனைத் தோட்டத்தில் இஷ்டம்போல் பறந்து திரிகிறது, வசந்தத்தில் ஆப்ரிகாட் பூத்த நாளில் இதைப் பார்த்தேன், இந்தக் கவிதையை எழுதினேன். வந்த ஊர், குணம், பார்த்த பருவம் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. காஞ்சித் தூதைப் பதிந்த அதே எழுத்தர் மனம், நானூறு ஆண்டு கழித்துத் தூரிகை பிடித்திருக்கிறது.

ஹுய்சுங்கின் பறவைகளுக்கு ஒரு தொழில் ரகசியம் சொல்வார்கள். கண்ணில் மை வைக்க மாட்டாராம். பச்சை அரக்கை எடுத்துச் சொட்டாக வைப்பார். அது காய்ந்து பட்டுக்கு மேலே சிறு பயறு மாதிரிப் புடைத்து நிற்கும். விளக்கொளியில் சுருளை அசைத்தால் கண் மின்னும். மற்றதெல்லாம் தட்டையான பட்டில் படிந்திருக்க, கண் மட்டும் எழும்பி உங்களைப் பார்க்கும்.

அவர் சேர்த்த ஓவியங்களுக்கு 1120 வாக்கில் ஒரு பட்டியல் போட்டார்கள். 231 ஓவியர், 6,396 ஓவியம். அதில் பூ–பறவை மட்டும் 2,700-க்கு மேல். வேறெந்த வகையும் அதை நெருங்கவில்லை. இது போக, நாட்டில் தென்பட்ட நல்ல சகுனங்களைப் படமாக்கித் தொகுதி தொகுதியாகக் கட்டினார்கள். 1112-இல் தை பதினாறாம் நாள் போல ஒரு மாலையில், சீனக் கணக்கில் முதல் மாதம் பதினாறு, அரண்மனை வாயிலுக்கு மேல் இருபது நாரைகள் வட்டமிட்டன. நீல வானத்தில் பதினெட்டும் கூரை முகட்டில் இரண்டுமாக அந்த ஓவியம் இன்று லியாவ்நிங் அருங்காட்சியகத்தில் உள்ளது. சகுனம் நல்லது என்று எழுதி வைத்தார் பேரரசர்.

சகுனங்களை உற்பத்தி செய்யவும் ஆள் இருந்தது. தலைநகரில் கென்யூவே என்றொரு செயற்கை மலைத் தோட்டத்தை ஹுய்சுங் கட்டினார். தெற்கிலிருந்து பாறையும் மரமும் கொண்டுவரக் கால்வாய்களை அடைத்துக்கொண்டு படகுகள் போயின. அந்தக் கொடுமை தாங்காமல் 1120-இல் மக்கள் கலகமே செய்தார்கள். அந்தத் தோட்டத்துக்குச் சந்தையில் வித்தை காட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவர் வேலைக்கு வந்தார். தட்டில் சோறும் இறைச்சியும் வைத்து, பறவைக் குரலில் கூவி, காட்டுப் பறவைகளைப் பழக்கினார். பேரரசர் பல்லக்கு வந்ததும் ஆயிரக்கணக்கில் பறவைகள் இறங்கி வரவேற்றன. தெய்வமே வாழ்த்துகிறது என்று அவையினர் சிலிர்த்தார்கள். கிழவருக்குப் பதவி கிடைத்தது.

1126 குளிர்காலத்தில் ஜுர்ச்சென் படை கைஃபெங்கை முற்றுகையிட்டது. தோட்டத்துப் பாறைகளை உடைத்துக் கவண்கல் ஆக்கினார்கள். மண்டபங்கள் விறகாயின. மான்களை அடித்துப் படைக்குச் சோறு போட்டார்கள். மலைப் பறவையும் நீர்ப் பறவையுமாக ஒரு லட்சத்துக்கு மேல் பிடித்து ஆற்றில் கொட்டச் சொல்லி உத்தரவானது என்று சோங் வரலாறு எழுதுகிறது. ஹுய்சுங்கைச் சிறைபிடித்து வடக்கே கொண்டுபோனார்கள். 1135-இல் அங்கேயே இறந்தார்.

*

இந்தக் கலை பட்டின்மேல் வரைந்தது. அடுத்து அது பட்டுக்குள்ளேயே இறங்கியது. இந்தத் தொடரின் பெயருக்கு ஏற்ற இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானிக்கிறேன்.

கஸ்ஸி என்று சீனர் சொல்லும் நெசவில் பாவு ஒரே நிறம். ஊடை முழு அகலத்துக்கும் ஓடாது. எந்த நிறம் எந்த இடத்துக்கு வேண்டுமோ அந்த இடத்துக்கு மட்டும் சின்னஞ்சிறு நாடா ஒன்று போய்த் திரும்பும். வரைந்த படத்தைப் பாவுக்கு அடியில் வைத்து, அதன் கோட்டைப் பாவு இழைமேல் மையால் ஒற்றிக்கொண்டு, தூரிகை செய்ததை நாடா செய்யும். இரண்டு நிறம் சந்திக்கும் இடத்தில் நூல் பிணையாததால் நூலிடை வெடிப்பு விழும். வெளிச்சத்தில் பிடித்தால் கத்தியால் கீறினாற்போல் தெரியும். தெற்கு சோங் காலத் தொடக்கத்தில், 12-ஆம் நூற்றாண்டில், சூ கரோ என்ற பெண் இதில் பெயர் பெற்றார். தாமரைக் குளத்தில் வாத்து இணையும் குஞ்சுகளும் நீந்த அவர் நெய்த பட்டு ஷாங்ஹாய் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகலம் ஒரு மீட்டருக்குச் சற்றே மேல். குஞ்சின் தூவி கூட நூலால்தான்.

ஓரிக்கைத் தறியில் கோர்வை போடும்போது நடப்பது இதற்கு ஒன்றுவிட்ட உறவு. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், மூன்று நாடா. உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் தனித்தனி. உடல் ஊடை கரை ஊடையைத் தொடும் இடத்தில் ஒன்றை ஒன்று கொக்கி போட்டுக்கொண்டு திரும்பும். வலப்பக்கக் கரைக்கு நாடா எறிய ஒரு துணையாள் வேண்டும். கொக்கி போடுவதால் கஸ்ஸியின் வெடிப்பு இங்கே விழாது. புடவை நைந்து கிழிந்தாலும் கரை கழன்று வராது என்று கடைக்காரர்கள் அடித்துச் சொல்வது இந்தப் பிணைப்பை நம்பித்தான்.

பறவை வருவது கரையில். முதலில் கட்டம் போட்ட தாளில் வரைகிறார்கள். ஒரு கட்டம் என்பது பாவும் ஊடையும் ஒரு முறை சந்திக்கும் இடம். நிரப்பிய கட்டமெல்லாம் அட்டையில் துளையாகும். அட்டைகளைக் கோத்து ஜக்கார்டு பெட்டியில் ஏற்றினால் மிதிக்கு ஓர் அட்டை நகரும், அதற்குரிய இழைகள் தூக்கும், ஜரிகை ஓடும். மயிலின் உயரம் இருநூறு ஊடை என்றால் இருநூறு அட்டை. ஜக்கார்டு வருமுன் இதையே அடை கட்டி, இழைக்கற்றைகளை முடிச்சு முடிச்சாகப் பிரித்து, ஆள் ஒருவர் கையால் தூக்கிக் கொடுத்து நெய்தார்கள். இன்று கட்டத்தாளின் வேலையைக் கணினித்திரை எடுத்துக்கொண்டது. கட்டம் மட்டும் போகவில்லை. கிளியின் மூக்கு வளைவை ஹுவாங் ச்சுவான் ஒரே இழுப்பில் முடிப்பார். இங்கே அது படிக்கட்டாகத்தான் இறங்க வேண்டும். ஒரு படி தள்ளிப் போனால் மூக்கு மழுங்கிக் கிளி புறாவாகிவிடும். படி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நெருக்கி, தேவையில்லாத நெளிவையெல்லாம் உதறி, பறவையைச் சுருக்குவது வடிவமைப்பாளரின் சாமர்த்தியம்.

இன்னொன்று. கஸ்ஸியில் ஒரு வாத்து ஒரு முறைதான் வரும். காஞ்சிக் கரையில் அன்னப்பட்சி ஐந்தரை மீட்டருக்கு வரிசை கட்டும். இந்தக் கிளி எங்கிருந்து வந்தது, எந்தப் பருவத்தில் பார்த்தது என்ற கேள்வியே அங்கே எழாது. அன்னம், மயில், கிளி, இருதலைப்பட்சி எல்லாமே இனத்தின் பெயரால் நிற்கின்றன, ஊர் பேர் தெரிந்த தனிப் பறவையாக எதுவும் நிற்பதில்லை. அதிலும் காஞ்சிக்காரர்கள் ஒரு படி மேலே போய்விட்டார்கள். மயில்கண், குயில்கண் என்று கரைகளில் ஓடும் சிறு கட்ட அலங்காரங்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் மயிலும் இல்லை, குயிலும் இல்லை. சாய்சதுரமும் நடுவில் ஒரு புள்ளியும்தான். ஹுய்சுங் முழுப் பறவையையும் வரைந்து முடித்துக் கண்ணில் அரக்கு வைத்தார். நம் தறிக்காரர் கண்ணை வைத்துக்கொண்டு பறவையை விட்டுவிட்டார். கட்டத்தாளுக்கும் ஜரிகைக்கும் இதைவிடக் கெட்டியான தீர்வு இருக்க முடியாது என்பது என் கட்சி. ஆனால் ராஜசிம்மன் அனுப்பிய அந்தக் கிளியை இந்தக் கரையில் தேடினால் கிடைக்காது.

அவனுடைய கைலாசநாதர் கோயிலிலும் கிடைக்காது. அங்கே சுற்றிவர இருக்கும் சிற்றாலயங்களில் தன் விருதுப் பெயர்கள் இருநூறுக்கும் மேற்பட்டவற்றை விதவிதமான எழுத்தில் வரிசையாக வெட்டி வைத்தான். 1931-இல் பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ரேய் அங்கே கண்டெடுத்த சுதை ஓவியத் துணுக்குகளில் தெரிவது தெய்வங்கள். சீனப் பேரரசர் பறவைகளைப் பட்டியலிட்டார், காஞ்சிப் பேரரசன் தன்னைப் பட்டியலிட்டான். தனிப் பறவையைக் காலக்குறிப்போடு வரையச் சொல்லும் அரசரைக் காண இந்தியா ஜஹாங்கீர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1612-இல் கோவாவிலிருந்து வான்கோழி முதலிய அபூர்வ உயிர்கள் வந்தபோது, பாபர் எழுத்தில் வருணித்ததோடு நின்றுவிட்டார், நான் வரையவும் சொன்னேன் என்று அவர் தம் நினைவேட்டில் பெருமைப்பட்டுக்கொள்கிறார். அவருடைய ஓவியர் மன்சூரின் பறவைகள் அப்படிப் பிறந்தவை. தமிழ்நாட்டில் அந்த ஆசை தஞ்சை இரண்டாம் சரபோஜிக்கு வந்தது. அது 19-ஆம் நூற்றாண்டு.

சீனத்தில் அந்தப் பேரேடு மூடப்படவே இல்லை. 1414-இல் வங்காள சுல்தான் அனுப்பிய ஒட்டகச்சிவிங்கியை மிங் அவை தெய்வ விலங்கு என்று வரவேற்றுப் படம் வரைந்து மேலே புகழ்ப்பாட்டு எழுதியது. கடைசியாக, சியென்லுங் பேரரசர் காலத்தில் யூ ஷெங், சாங் வெய்பாங் என்ற இரண்டு அரண்மனை ஓவியர்கள் 1750-இல் உட்கார்ந்து 1761-இல் எழுந்தார்கள். முப்பது முப்பதாகப் பன்னிரண்டு தொகுதி, மொத்தம் 360 பறவை. ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பக்கத்தில் சீனத்திலும் மஞ்சுவிலும் பெயர், நிறம், உறுப்பு வருணனை. அதில் கிளிகளுக்கு மட்டும் பல பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள்.

கிளியும் துறவியும் போன அதே கடல்வழியில் வணிகர்களும் போனார்கள். அவர்களில் ஒருவர் 1281-இல் குவான்சௌ நகரில் சிவன் கோயில் வைத்து, அதைத் தமிழில் கல்லில் பொறித்தார். அந்தக் கல்வெட்டை அடுத்த இதழில் வாசிப்போம்.

(தொடரும்)